ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி

தமிழில் டைப் அடிக்கிற வேலை உள்ள எந்த மேசையில் நீங்க உட்கார்ந்திருந்தாலும் ஒரு நாளாவது இதைப் பார்த்திருப்பீங்க. யாரோ அனுப்பிய பழைய வேர்டு ஃபைலைத் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்து. ஆனால் ஆங்கிலம் இல்லை. நடுநடுவே ஜே, கே, பி, ஓ என்று நாலு எழுத்து சேர்ந்து வரும், பின்னாலேயே ஓர் அரைப்புள்ளி. அனுபவப்பட்டவர்கள் பார்த்த உடனே சொல்லிவிடுவார்கள்: "பாமினி ஃபாண்ட் இல்லை சார், போட்டுக்குங்க."

அந்த ஜே-கே-பி-ஓ-அரைப்புள்ளி வேறொன்றும் இல்லை, 'தமிழ்' என்ற சொல்தான். ஜே என்றால் த, கே என்றால் ம, பி என்றால் இகரக் கொக்கி, ஓ என்றால் ழ, அரைப்புள்ளி என்றால் மெய்யின் தலைமேல் வைக்கிற புள்ளி. கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். இந்த ஃபைலுக்குள் இருப்பது 106, 107, 112, 111, 59 என்ற ஐந்து எண்கள். அவை ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்கள். பாமினி என்ற எழுத்துரு 106-க்கு ஜே படத்துக்குப் பதிலாக த படத்தைக் காட்டுகிறது. அவ்வளவுதான் ஏற்பாடு. வேஷம் கலைந்தால் ஜேதான்.

கொஞ்ச நாளாக இந்த அரைப்புள்ளி என் மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. ஆங்கிலத்தில் செமிகோலன் என்கிற குறிக்கு நாம் தமிழில் வைத்த பெயர் அரைப்புள்ளி. அந்த விசையைத் தட்டினால் பாமினியில் வருவது புள்ளி. பெயர் வைத்தவர் இலக்கணக்காரர், விசையில் இடம் ஒதுக்கியவர் தட்டச்சுக்காரர். ரெண்டு பேரும் கலந்து பேசியிருக்க வாய்ப்பே இல்லை. எங்கள் தொழிலில் வேறு, சி மொழியில் ஒவ்வொரு வரி முடிவிலும் இந்த அரைப்புள்ளி இல்லாவிட்டால் கம்பைலர் கத்தும். புள்ளி வைக்க மறந்தால் தமிழ் வாத்தியார் கத்துவார். சரி, இந்தப் புள்ளி எங்கிருந்து கிளம்பி நம் மேசைக்கு வந்தது என்று தேடிப் பார்த்ததில் கிடைத்தவைதான் கீழே.

ஒரு குமாஸ்தாவின் மேசை

தட்டச்சுப் பொறி கடைச் சரக்கானது 1874-ல், அமெரிக்காவில். ஷோல்ஸ் என்பவரும் அவர் கூட்டாளிகளும் உருவாக்க, துப்பாக்கி செய்துகொண்டிருந்த ரெமிங்டன் கம்பெனி தயாரித்தது. இன்றைக்கு நம் மேசையில் இருக்கிற ஆங்கில எழுத்து வரிசை கிட்டத்தட்ட அந்தப் பொறியுடையதுதான். 'டைப்ரைட்டர்' என்ற சொல்லின் பத்து ஆங்கில எழுத்துகளும் அதன் மேல் வரிசையிலேயே கிடைத்துவிடும். இது தற்செயலா, விற்பனையாளர் வேகமாக அடித்துக் காட்டச் செய்த ஏற்பாடா என்று இன்னும் வாதம் நடக்கிறது.

ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. தமிழுக்கு 247. பொறியில் இருப்பதோ நாற்பது சொச்சம் விசை. ஷிஃப்டோடு சேர்த்தால் எண்பது, தொண்ணூறு குறி வைக்கலாம். அதில் எண்களும் காற்புள்ளி, கேள்விக்குறியும் வேறு இடம் கேட்கும். இந்தக் கணக்கைத் தீர்த்தவர்களில் முதன்மையாகச் சொல்லப்படுகிறவர் ஆர். முத்தையா. 1886-ல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து, பிழைப்புக்காக மலாயா போய், ஈப்போவில் ஒரு வணிக நிறுவனத்தில் எழுத்தர் வேலை பார்த்தவர். பல்கலைக்கழகம் இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை. பகலெல்லாம் ஆங்கிலத் தட்டச்சுப் பொறி சத்தம் கேட்கிற ஓர் ஆபீஸ் மேசை. வடிவமைத்ததை ஜெர்மனியில் தயாரிக்கச் செய்தார்.

அவர் கண்ட வழி, எழுத்தைப் பிரிப்பது. 'கி', 'மி', 'தி' என்று ஒவ்வொன்றுக்கும் விசை வைக்காமல், கொக்கியைத் தனியாக எடுத்துவிடுவது. ஆனால் காகிதத்தில் கொக்கியும் எழுத்தும் ஒட்டி வரணுமே? அதற்குத்தான் 'நகரா விசை'. சாதாரண விசையைத் தட்டினால் காகிதம் சுற்றிய உருளை ஒரு இடம் நகரும். நகரா விசையைத் தட்டினால் குறி பதியும், உருளை அசையாது. ஆகவே முதலில் புள்ளியை அடிக்கணும், அப்புறம் க அடிக்கணும். க வந்து புள்ளிக்குக் கீழே உட்கார்ந்துகொள்ளும். கையால் எழுதும்போது க போட்டு அப்புறம் புள்ளி வைக்கிறோம். பொறியில் புள்ளி வைத்துவிட்டு க-வை வரவழைக்கணும். முதலில் பொட்டு, பிறகு முகம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் உட்கார்ந்து 'யளனகபக' அடித்துப் பழகியவர்களின் விரலுக்கு இந்தத் தலைகீழ் வரிசை இன்றும் மறந்திருக்காது.

கணினிக்கு வந்தபோது இது மறுபடி நேரானது. க முதலில், புள்ளி பின்னால். கணினியில் நகராத உருளை எல்லாம் கிடையாது, ஆகவே கை எழுதுகிற வரிசையே போதும்.

வலது கை, இடது கை

தட்டச்சு வழியில் வந்த பாமினி வரிசையை வைத்துக்கொண்டு ஒரு மதிய உணவு இடைவேளையில் விளையாடிப் பார்த்தேன். 'தமிழ்' என்ற சொல்லின் ஐந்து விசைகளும் வலது கைக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. இடது கை சும்மா காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அடுத்து 'அம்மா': எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். அதுவும் முழுக்க வலது கை. அட! 'அப்பா' மட்டும் என்ன பாவம் செய்தார் என்று பார்த்தால், ப இருப்பது ஜி விசையில். அப்பாவுக்கு இடது கையும் வேணும்.

இதை வைத்துத் தாய்மொழிப் பெருமை பேசி ஒரு மேடைப் பேச்சே தயாரித்துவிடலாம். ஆனால் கணக்குப் போட்டால் பெருமை குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு விசையும் இடதா வலதா என்பது காசு சுண்டுகிற மாதிரி என்று வைத்தால், ஐந்தும் வலதாக விழ 32-ல் 1 வாய்ப்பு. உண்மையில் அதைவிட அதிகம். ஏன்னா புள்ளி, கால், கொக்கி மூன்றும் பாமினியில் வலது பக்கம்தான் இருக்கின்றன. ஆகவே வலது கைச் சொற்கள் தமிழில் நிறையக் கிடைக்கும். நமக்குப் பிடித்த ரெண்டு சொல் அதில் மாட்டியதும் 'அட' என்கிறோம். பிடிக்காத சொற்களை யாரும் சரிபார்ப்பதில்லை.

இன்னொரு விளையாட்டு. 'பற' என்ற பொருள் தரும் 'ஃப்ளை' என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து, சி நிரல்காரர் பழக்கத்தில் ஓர் அரைப்புள்ளியும் வையுங்க. பாமினியில் அது 'கடல்'. எஃப் என்றால் க, எல் என்றால் ட, ஒய் என்றால் ல, அரைப்புள்ளி என்றால் புள்ளி. எஃப்-ஐ ஜி-யு என்றும் எல்-ஐ எடுத்துவிட்டும் மாற்றி, 'ஆள்' என்ற பொருளில் வருகிற 'கை' என்ற ஆங்கிலச் சொல்லோடு அரைப்புள்ளி போட்டால் 'பரல்'. கண்ணகி சிலம்பு நினைவுக்கு வருதா இல்லையா?

இதிலும் மாயம் இல்லை. 26 எழுத்தில் மூன்றெழுத்துக் கோவைகள் மொத்தம் 17,576 தான். ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சொல் ஆயிரத்துச் சொச்சம் உண்டு. தோராயமாக 17-க்கு ஒன்று. மூன்று சின்ன எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக அடிக்கக்கூடிய தமிழ்ச் சொல் நூறு இருந்தால்கூட, அதில் ஐந்தாறு ஆங்கிலச் சொல்லாக இருந்தே தீரும். தற்செயல் என்பது அபூர்வம் இல்லை. எண்ணிக்கை போதுமான அளவு இருந்தால் தற்செயல் நடக்காமல் இருப்பதுதான் அபூர்வம்.

எஃப் விசையின் மேடு

1978 அக்டோபரில், பெரியார் நூற்றாண்டையொட்டி, எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. ணா, றா, னா குடும்பத்தின் ஒன்பது எழுத்தும், துதிக்கை வைத்த ணை, லை, ளை, னை நான்கும், ஆக 13 எழுத்துகள் மற்ற எழுத்துகளின் வழிக்கு வந்தன. விசைகளைப் பொறுத்தவரை இது பெரிய நிம்மதி. கால் என்றால் எல்லாருக்கும் ஒரே கால், ஐகாரம் என்றால் எல்லாருக்கும் ஒரே கொம்பு.

அப்புறம் கணினிக் காலம். இங்கே ஒரு தற்செயலைக் கவனிச்சீங்களா? தட்டச்சு ஈப்போவில் இருந்து வந்தது. கணினியிலும் ஆரம்ப வேலை பெரும்பாலும் வெளியில்தான். 1985-ல் முரசு மென்பொருளைத் தொடங்கிய முத்து நெடுமாறன் மலேசியாக்காரர். 1995-ல் தமிழை இணையத்தில் ஏற்றிக்காட்டிய நா. கோவிந்தசாமி சிங்கப்பூர்க்காரர். மயிலை எழுத்துரு செய்து, 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கிய கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளர். இதை முழுத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனசு வரலை. ஊரில் இருக்கிறவனுக்கு எழுதித்தர பேனாவும் ஆளும் உண்டு. தூரத்தில் இருக்கிறவனுக்கு எந்திரம் தமிழ் பேசினால்தான் உண்டு. இது என் ஊகம்தான், ஆனால் வரிசையாகப் பெயர்களைப் பார்த்தால் ஊகம் பலப்படுகிறது.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதிலிருந்து பிறந்தது 'தமிழ்99' விசைப்பலகை. அதே வருஷம் ஜூனில் தமிழ்நாடு அரசு அதை ஏற்றது. இதில் உயிரெழுத்து இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. ஒரே மெய்யை ரெண்டு தடவை தட்டினால் முதலாவதுக்குத் தானே புள்ளி விழும். பாமினியில் ஐந்து தட்டு கேட்ட 'அம்மா' இதில் நாலே தட்டு.

தானே விழாத இடத்தில் புள்ளி வைக்க வேண்டுமானால் எஃப் விசை. இப்போது உங்கள் விசைப்பலகையின் எஃப் விசையைத் தடவிப் பாருங்க. சின்னதாக ஒரு மேடு இருக்கும். பார்க்காமலே விரல் இடம் தெரிந்துகொள்ள எஃப்-லும் ஜே-யிலும் வைக்கிற மேடு அது. ஆக தமிழ்99-ல் புள்ளி விசைக்கு மேலேயே நிஜமான புள்ளி. வடிவமைத்த குழு இதை யோசித்து வைத்ததோ இல்லையோ, பழகுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல குறிப்பு கிடையாது.

விஐ எடிட்டர் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு கொசுறு: கர்சரை நகர்த்துகிற ஹெச், ஜே, கே, எல் நாலும் தமிழ்99-ல் வரிசையாக க, ப, ம, த. 1976-ல் பெர்க்லியில் அந்த எடிட்டரை எழுதிய பில் ஜாய் பயன்படுத்திய டெர்மினலில் அம்புக்குறிகள் இந்த நாலு விசைமேல்தான் அச்சடிக்கப்பட்டிருந்தன. அதனால்தான் அந்த நாலு. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்ற மறந்துவிட்டு நகர்த்தப் பார்த்தால் எடிட்டருக்குப் போவது கபமத, கர்சர் நகராது. ஒரு மந்திரம் மாதிரி இருக்கும், ஒன்றும் நடக்காது.

கல்லும் ஃபைலும்

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். இனிமேல் சொல்லப்போவது அவ்வளவாகச் சிரிப்பு வராத விஷயம்.

நான் இருப்பது வேங்கிக்கால். திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கேதான். வடஆற்காட்டைப் பிரித்து இந்த மாவட்டம் உருவானது 1989-ல். அதாவது தட்டச்சுப் பொறிகள் ஓய்ந்து கணினிகள் மேசைக்கு வந்த அதே காலம். திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு எழுதிக்கொண்டு வருகிற கூட்டத்தைப் பார்த்தால், இந்த முப்பத்தைந்து வருஷத்தில் எவ்வளவு தமிழ் டைப் அடிக்கப்பட்டிருக்கும் என்று ஒரு மலைப்பு வரும். தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்துக்கும், அச்சகங்களுக்கும், பத்திரிகைகளுக்கும், கோயில் திருப்பணிக் கமிட்டிகளுக்கும் இதே கதைதான். அதில் பெரும்பகுதி பாமினி, வானவில், ஸ்ரீலிபி, டாப், டாம், திஸ்கி என்று ஆளுக்கொரு வேஷத்தில் இருக்கிறது. யூனிகோடையும், 16 பிட் அனைத்து எழுத்துருத் தரத்தையும் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்ததே 2010-ல்தான்.

இங்கிருந்து சில கிலோமீட்டரில் அண்ணாமலையார் கோயில். சோழர் காலம் தொட்டு வெட்டிய கல்வெட்டுகள் நூற்றுக்கும் மேல். கல்வெட்டு எழுத்தில் பெரும்பாலும் புள்ளியே கிடையாது. எகர ஏகார வேறுபாடும் கிடையாது. காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். வேஷம் என்று பார்த்தால் இதுவும் வேஷம்தான். ஆனாலும் பழகிய கண் ஆயிரம் வருஷம் கழித்தும் படித்துவிடுகிறது. வெட்டப்பட்டிருப்பது எழுத்து என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. புள்ளியைப் படிக்கிறவர் வைத்துக்கொள்கிறார்.

ஃபைலில் அப்படி இல்லை. 1998-ல் ஓர் ஊர் வரலாற்றை டைப் அடித்து சிடியில் போட்டு வைத்திருந்தால், எந்த எழுத்துரு என்று தெரியாமல் போனால் அது எழுத்தே இல்லை, எண் மூட்டை. சிக்கலை அவிழ்க்க முடியாது என்று சொல்லவில்லை, அவிழ்க்கலாம். ஆனால் அது தமிழ் என்று யாராவது சந்தேகப்பட்டால்தானே அவிழ்ப்பார்கள்? தேடுபொறிக்கு அது ஜே-கே-பி-ஓ. நூறு வருஷம் கழித்து ஒருத்தர் பார்த்தால் கெட்டுப்போன ஃபைல் என்று அழித்துவிடுவார்.

யூனிகோடு வந்துவிட்டது, பிரச்சினை தீர்ந்தது என்று உட்கார முடியாது என்பதற்கு ஒரே ஓர் உதாரணம். கல்வெட்டு பெரும்பாலும் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்று தொடங்கும். யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடம். அதில் ஸ இருப்பது மிகச்சரியாக 3000-ல். வீட்டு நம்பர் மாதிரி அழகான எண். ஆகவே ஸ்ரீ என்பது 3000, 3021, 2992, 3008. ஆனால் 2005-ல் ஶ என்ற எழுத்தும் 2998-ல் சேர்க்கப்பட்டது. அதை வைத்தும் ஸ்ரீ எழுதலாம்: 2998, 3021, 2992, 3008. பெரும்பாலான எழுத்துருவில் ரெண்டும் திரையில் ஒரே உருவம். கண்ணுக்கு ஒரே ஆள், கணினிக்கு ரெண்டு ஆள். பட்டியலில் ஸ்ரீதர் ஒரு ஸ்ரீ-யில் இருந்து, மேசையில் இருக்கிறவர் இன்னொரு ஸ்ரீ-யில் தேடினால் 'அப்படி யாரும் இல்லை' என்று பதில் வரும். எதிரே நிற்கிற ஸ்ரீதர் என்ன சொல்லி நிரூபிப்பார்? ஔ-வை ஒற்றை எழுத்தாக அடிக்காமல் ஒ, ள என்று ரெண்டாக அடிப்பதிலும் இதே சிக்கல். ஔவையார் பாதிப் பட்டியல்களில் ஒ-ளவையாராகத்தான் இருக்கிறார்.

புள்ளி இல்லாத கல்லை மனுஷக் கண் மன்னித்துப் படிக்கிறது. கணினிக்கு மன்னிக்கத் தெரியாது. மன்னிக்கச் சொல்லி நிரல் எழுதினால்தான் உண்டு. ரெண்டு ஸ்ரீ-யையும் ஒன்றாகக் கருது என்று தேடலுக்கு முன் ஒரு வரி சேர்ப்பது பெரிய வேலை இல்லை. பெயர்ப் பட்டியலை வைத்து மென்பொருள் செய்கிற தம்பிகள் யாராவது இதைப் படித்தால், அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்க. உங்களுக்கு அஞ்சு நிமிஷம். ஸ்ரீதருக்கு ஒரு நாள் கூலி மிச்சம்.

பழைய ஃபைல் வைத்திருக்கிறவர்களுக்கு வழி இருக்கிறது. மதுரைத் திட்டக்காரர்கள் முதலில் போட்ட நூல்களைப் பழைய குறியீடுகளில் இருந்து திஸ்கிக்கும், பிறகு யூனிகோடுக்கும் மாற்றிக் காப்பாற்றினார்கள். நாமும் செய்யலாம். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. முதலில் மூல ஃபைலை அப்படியே ஒரு பிரதி எடுத்து, பெயரிலேயே 'பாமினி', 'வானவில்' என்று எழுத்துருவைக் குறித்து வையுங்க. எழுத்துரு ஃபைலையும் கூடவே போடுங்க. படிக்கத் தெரிந்த ஒரு பக்கத்தை அச்செடுத்து வைத்தால் இன்னும் நல்லது. சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுக்கொள்ளலாம். பிறகு யூனிகோடுக்கு மாற்றுங்க.

மாற்றியதும் ஒரு தடவை கண்ணால் படித்துப் பார்ப்பது முக்கியம். நடுவில் ஆங்கிலச் சொல் இருந்தால் கருவி அதையும் பாமினி என்று நினைத்துத் தமிழாக்கிவிடும். பாமினியில் எம் என்றால் அ, எல் என்றால் ட. சமையல் குறிப்பிலோ மருந்துச் சீட்டிலோ 'பால் 200 அட' என்று வந்தால் பயப்படாதீங்க, அது 200 மில்லிதான்.